கடைசிச் சுவர் வரை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து இறங்கிவிட்டேன். அறை டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. பகல் முழுக்கக் காற்றடிக்கும் சத்தம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரிகிறது. மலையைப் பற்றி எழுத வந்தவனுக்கு நல்ல காட்சிதான் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். ஒரு பால்கனியும் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

போன் செய்தால் "நல்லா இருக்கேன், நீ சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். எழுதினால்தான் உன்னிடமிருந்து நாலு வார்த்தை பெயரும். அதனால் இனிமேல் கடிதம்தான். பதில் போடாமல் ஏமாற்றாதே.

மலையேற்றச் சங்கத்தின் நூலகம் இங்கிருந்து நடக்கிற தூரம். பழைய பயண அறிக்கைகள், வரைபடங்கள், எலி கடித்தது போக மிச்சமிருக்கும் புகைப்படங்கள் எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறார்கள். மேல் தட்டுக்கு ஏணி போட வேண்டும். முதல் நாள் இரண்டு படி ஏறினேன், தலை சுற்றிவிட்டது. நூலகப் பொறுப்பில் இருக்கும் அம்மா கீழே நின்று பார்த்துவிட்டு, "நீங்கதானே மலையேற்ற வரலாறு எழுத வந்திருக்கிறவர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இறங்குங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஏணியம்மா.

பதிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஊமைச் சிகரத்தின் முழு வரலாறு. எதிரொலியே தராத மலை என்பதால் அந்தப் பெயர். முதலில் அளக்க வந்தவர்கள், பாதியில் திரும்பியவர்கள், வீடு திரும்பாமலே போனவர்கள் என்று பன்னிரண்டு அத்தியாயம். பன்னிரண்டாவது யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தான் மலையில் இறந்த வருஷம் நீ அவருடைய நான்கு பெட்டிப் புத்தகத்தை என் தலையில் கட்டி, "இதெல்லாம் என் கண்ணுல படக்கூடாது" என்றாய். பழைய பேப்பர் கடையில் போட மனசு வராமல் ஒன்றைப் பிரித்தேன். அன்று பிடித்த பைத்தியம் இது. பத்திரிகை ஆபீசில் அடுத்தவர் எழுதியதில் ஒற்று விட்டதா என்று பார்த்துக் கிழவனாகியிருப்பேன். அத்தானுடைய புத்தகங்கள்தான் என்னை எழுத வைத்தன. அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் நன்றாக எழுதிவிட்டால் போதும், அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்த மாதிரி.

வாலு ஒழுங்காகப் படிக்கிறாளா?

உன் தம்பி

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து அப்படியே கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. ஊரார் பிழையைத் திருத்தினவன் உன் எழுத்தைத் திருத்திக்கொள்ளவில்லை.

மாதாமாதம் சம்பளம் வந்த வேலையை விட்டதற்கு நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அதையும் உன் வரலாற்றில் எழுதிக்கொள். நாற்காலியில் ஏறி பல்பு மாட்ட என்னைக் கூப்பிடுகிறவன் மலையைப் பற்றிப் புத்தகம் போடுகிறான் என்று வேலை செய்யும் இடத்தில் சொன்னேன். பீங்கான் பற்களைச் சூளையில் வைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்துச் சிரித்து ஒரு முன்பல்லைக் கருக்கிவிட்டாள்.

எங்கள் பல்செட் வேலை எப்போதும் போல. ஒரு பெரியவர் தன் செட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார். கடிக்க வசதியாக இருக்கிறதாம், ஆனால் சிரித்தால் அவருடைய சிரிப்பு மாதிரி இல்லையாம். சரி, பழைய போட்டோ கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். எல்லாவற்றிலும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறார். மனிதர் சிரித்ததற்குச் சாட்சியே இல்லை. நான் எதைப் பார்த்துச் செய்ய?

வாலு நன்றாகத்தான் இருக்கிறாள். உன் புத்தகத்தின் முதல் பிரதி அவளுக்கு வேண்டுமாம். "என் அப்பா ஊமைச் சிகரத்தைத் தொட்டவர்" என்று கல்லூரியில் யாரைப் பார்த்தாலும் முதல் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். தாவணி வயசுக்கு வந்தும் விளையாட்டுப் புத்தி போகவில்லை. போன வாரம் சங்கத்து நினைவுக் கூட்டத்துக்கும் போய் மாலையை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் போகவில்லை. எனக்கு வேலை இருந்தது. ஒவ்வொரு வருஷமும் எனக்கு அன்றைக்கு வேலை இருக்கும், உனக்குத் தெரியும்.

உன் கடைசி அத்தியாயத்தில் பெரிய பெரிய வார்த்தையாகப் போடாதே. அவ்வளவுதான் நான் கேட்பது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிய வார்த்தை போடாதே என்றாயே, அதை ஏணியம்மாவும் சொல்கிறார். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களா?

முதல் மூன்று அத்தியாயத்தை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். பாராட்டுவார் என்று நினைத்துப் புதுச்சட்டை வேறு போட்டுக்கொண்டு போனேன். "நாலாவது முகாம் அமைக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. யார் அமைச்சா? தானா முளைச்சுதா?" என்றார். பக்கத்தைத் திருப்பினார். "அடுப்பு கொண்டுவரப்பட்டது. கயிறு கட்டப்பட்டது. பட்டது பட்டதுன்னு ஏன் இந்தப் படுத்து படுத்துறீங்க?" எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவர் சொன்னது நியாயம். அறிக்கை எழுதிய தலைவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், நானும் அதே தடத்தில் நடந்திருக்கிறேன்.

ஒவ்வொரு ‘பட்டது’க்கும் பின்னால் யார் இருந்தார் என்று தேடத் தொடங்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது. முதல் முயற்சியில் அடுப்பைச் சுமந்து நாலாவது முகாம் வரைக்கும் போன ஆளுக்கு அறிக்கையில் பெயரே இல்லை. ஒரு புகைப்படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கையும் அடுப்பும் இருக்கின்றன. அந்த முழங்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அக்கா, எழுத்தாளன் ஆகிவிட்டேன் என்று எனக்கு முதலில் தோன்றியது அன்றைக்குத்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று கூட அப்படித் தோன்றவில்லை.

இனிமேல் யார் செய்தார், எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாத வாக்கியத்தை எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். எழுதும் வேகம் பாதியாகிவிட்டது. பதிப்பாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. உன் வீட்டுப் பால்கனியில் அத்தான் கட்டின கொடிக்கயிறு இன்னும் இருக்கிறதா? அதன் முடிச்சை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். ஒன்றுமில்லை, சும்மா ஒரு விவரத்துக்குத்தான்.

அந்தப் பெரியவருடைய சிரிப்பு என்ன ஆயிற்று?

உன் தம்பி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

பெரியவர் சிரிப்பு அப்படியே இருக்கிறது. அது கிடக்கட்டும்.

போட்டோ இதோடு இருக்கிறது. கொடியில் இருந்த துணியை எல்லாம் எடுத்துவிட்டு வாலு எடுத்தாள். உன் அத்தான் இடதுகைக்காரர், அதனால் அவர் கட்டும் முடிச்சு எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாறித்தான் இருக்கும். கடைசியில் வாலை இன்னொரு சுற்றுச் சுற்றி உள்ளே விடுவார். அவிழ்ப்பதற்குள் விரல் போய்விடும். பார்சலைக் கூட அப்படிக் கட்டுவார், நான் கத்தரிக்கோலை எடுப்பேன், எங்களுக்குள் சண்டை வரும்.

இப்போது நீ சொல். சின்ன வயசில் ஏதாவது மறைக்க வேண்டுமென்றால் நீ சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்பாய். மார்க் குறைந்த அன்று பூனை எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று கேட்டவன் நீ. ‘ஒன்றுமில்லை, சும்மா’ என்று நீ எழுதிய இடத்தில் பேனாவை அழுத்தியிருக்கிறாய், தாளின் பின்பக்கம் தடித்திருக்கிறது.

அவருடைய முடிச்சு உனக்கு எதற்கு? எங்கே எதைப் பார்த்தாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா

ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊமைச் சிகரத்தின் உச்சிக்குக் கீழே செங்குத்தாக ஒரு பாறை இருக்கிறது. கடைசிச் சுவர் என்பார்கள். அதில் ஏறிவிட்டால் உச்சி. அத்தானும் அவரோடு ஏறின நெட்டை அண்ணனும் அதன் அடிவாரத்தை நெருங்கியதைக் கீழ் முகாமில் இருந்தவர்கள் தூரக்கண்ணாடியில் பார்த்தார்கள். பிறகு மேகம் மூடிவிட்டது. நான்கு மணிவாக்கில் உச்சியில் நின்றிருப்பார்கள் என்று சங்கம் கணக்குப் போட்டது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

போன கோடையில் ஒரு புதுக் குழு அதே வழியில் போயிருக்கிறது. அவர்கள் எடுத்த படங்கள் நூலகத்துக்கு வந்தன. கடைசிச் சுவரின் அடியில், பாறையில் ஓர் ஆணி அடித்திருக்கிறது. அதில் ஒரு வார் கட்டியிருக்கிறது. கயிற்றை வாரில் கோத்து இறங்குவதற்காக அப்படிக் கட்டிவிட்டுப் போவார்கள். மேலே ஏறுகிறவர்களுக்கு அது தேவைப்படாது. அந்தச் சுவரில் ஏறியிருந்தால் இறங்குவதற்கு அதன் தலையிலும் ஓர் ஆணி இருந்தே ஆக வேண்டும். வெறும் பாறை, பனி மூடி மறைக்கிற இடமும் இல்லை. அந்தக் குழு தேடியது. இல்லை.

அடியில் இருந்த வாரின் முடிச்சு உன் கொடிக்கயிற்றின் முடிச்சுதான், அக்கா. மாறிப்போன முடிச்சு, உள்ளே விட்ட வால், எல்லாம்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு எழுதக் கூடாது என்று நெட்டை அண்ணனைப் பார்க்கப் போனேன். சைக்கிள் கடையில்தான் இருந்தார். பனியில் விரல்கள் போன கால்களை நீட்டிக்கொண்டு ஒரு சக்கரத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். சக்கரத்தைக் கீழே வைத்தார்.

"நான்தான் ஏறலாம்னு நின்னேன். இன்னும் கொஞ்சம்தான்டா, கை நீட்டினா தொட்டுடலாம்டான்னு கெஞ்சினேன். அவன் கேக்கல. நேரமாயிடுச்சு, வீட்ல சொல்லிட்டு வந்திருக்கேன்னான். பேசிக்கிட்டே ஆணிய அடிச்சுட்டான். எனக்குக் கோவம், இறங்குறப்ப அவன்கூடப் பேசவே இல்ல. கீழ சரிவுல பனி பேத்துக்கிட்டு வந்துச்சு. நான் ஓரத்துல இருந்தேன். அவன் நடுவுல இருந்தான்."

பிறகு ஏன் உச்சியைத் தொட்டதாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் எங்கடா சொன்னேன்? ஆஸ்பத்திரில படுத்திருக்கேன், கால் ரெண்டும் கட்டு. உங்கக்கா வந்தா. சங்கத்துச் செயலாளர் பக்கத்துல நிக்கிறார். அவ என் முகத்தப் பார்த்து, போய்ச் சேர்ந்துட்டாரான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. அவளுக்கு அதுதான் பெருசுபோல இருக்கு, அந்த ஆறுதலாவது கிடைக்கட்டும்னு தலையாட்டினேன். செயலாளர் வெளிய போய் பேப்பர்காரங்ககிட்ட சொல்லிட்டார். மறுநாள் போட்டோவோட வந்துடுச்சு. அதுக்கப்புறம் என் வாய் கட்டிப்போச்சு. உங்க வீட்டுக்கு வந்தா டீயப் பாதியில வெச்சுட்டு எழுந்து வந்துடுவேன்."

இவ்வளவுதான். அத்தான் உச்சியை அடைந்தார் என்று என்னால் இனி எழுத முடியாது. யார் சொன்னார், எப்படித் தெரியும் என்று அடுப்புக்காரருக்குக் கேட்டுவிட்டு அத்தானுக்குக் கேட்காமல் இருந்தால் நான் எழுதுகிற எதற்கும் மரியாதை இல்லை. ஆனால் நீ ஒரு வார்த்தை சொன்னால் பன்னிரண்டாவது அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன். புத்தகம் பதினொன்றோடு முடியட்டும். பதிப்பாளர் கத்துவார், கத்தட்டும். உனக்கும் வாலுவுக்கும் இருக்கிற ஒரே பெருமையைத் தட்டிப் பறித்துத்தான் நான் எழுத்தாளன் ஆக வேண்டும் என்றால் எனக்கு அது வேண்டாம். நீ என்னைத் திட்டு, ஆனால் பதில் போடு.

உன் தம்பி

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. வாலு எடுத்து, "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க மாமா" என்கிறாள். பின்னால் உன் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கிறது.

கோபம் என்றால் கோபம் என்றே எழுது. நெட்டை அண்ணன் நேற்று ஆள்விட்டு விசாரித்தார், உங்கள் அக்கா என்ன சொன்னாள் என்று. என்ன சொல்ல?

பன்னிரண்டாவது அத்தியாயத்தைப் பதிப்பாளருக்குக் கொடுக்கவில்லை. கடைசி வாக்கியம் மட்டும் பாக்கி. ‘அவர் உச்சியை அடையவில்லை’ என்று எழுதுகிறேன், அடிக்கிறேன். ஏணியம்மா பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். இந்த மாதக் கடைசிக்குள் உன்னிடமிருந்து எழுத்து வராவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிடுவேன். உன் பதில் அதுதான் என்று எடுத்துக்கொள்வேன்.

தம்பி

மே 26

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடாததற்குக் கோபம் காரணம் இல்லை. என்ன எழுதுவது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நீ தினமும் உட்கார்ந்து எழுதுகிறவன். நான் பல் செய்கிறவள்.

முதலில் ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. வண்டியில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே போனால் கட்டிலில் நெட்டை அண்ணன் மட்டும் இருக்கிறார். பக்கத்துக் கட்டில் காலி. நான் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன், "போய்ச் சேர்ந்துட்டாரா?" என்று.

ஏண்டா, புருஷன் வராத அன்றைக்கு ஒருத்தி சிகரத்தையா விசாரிப்பாள்? உயிர் போய்விட்டதா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மலை ஏறுகிறவர்கள் காதில் அது வேறு மாதிரி விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுத்தையே பிழைப்பாக வைத்திருக்கிற உனக்குமா அது எட்டவில்லை?

மறுநாள் பேப்பரில் படித்துத்தான் சிகரத்தைத் தொட்டார் என்பது எனக்குத் தெரியும். நான்கு மணி என்று போட்டிருந்தது. அந்த நான்கு மணியைப் படித்துவிட்டுத்தான் நான் அவரை வெறுத்தேன்.

நீ அறியாதது ஒன்று இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் வாலுவை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். எங்கே நின்றாலும் சரி, ஒரு முழம்தான் பாக்கி என்றாலும் சரி, மதியம் இரண்டு மணி ஆனால் திரும்பிவிடுவேன் என்று. நான் அழுது புரண்டு வாங்கின வாக்கு அது. பேப்பர் நான்கு மணி என்றது. அப்படியானால் எங்கள் இரண்டு பேரையும் விட அந்தக் கல் பெரிதாகப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? ஊர் முழுக்க வந்து என்னிடம் வாழ்த்துச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் அவர் பெயரில் பரிசு. சங்கத்தில் படத்துக்கு மாலை. நான் யாரிடம் போய்ச் சொல்வேன், இந்த மனிதர் எனக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் இந்தப் பெருமையை வாங்கினார் என்று? அதனால்தான் புத்தகங்களை உன் தலையில் கட்டினேன். அதனால்தான் கூட்டத்துக்குப் போகாமல் பல்செட் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பிவிட்டார் என்று நீ எழுதியிருக்கிறாய். வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றாராம். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது.

வாலுவிடம் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். முதலில் உன்னைக் கண்டபடி ஏசினாள். மாமாவுக்குப் புத்தகம் விற்க வேண்டும், அதனால் கதை கட்டுகிறார் என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படின்னா அப்பா நம்மகிட்ட வந்துட்டு இருந்தாராம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகையால் எழுது. ஒரு எழுத்தைக் குறைக்காமல் எழுது. ஆனால் ‘அடையவில்லை’ என்று முடிக்காதே. அது ஏதோ தோற்றவனைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது. ‘கடைசிச் சுவரின் அடியில் அவர் திரும்பினார்’ என்று எழுது. யார் செய்தார் என்று கேட்கிற உன் ஏணியம்மாவுக்கும் அது பிடிக்கும்.

நெட்டை அண்ணனை ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல். இத்தனை வருஷமாக அவர் வந்தால் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இந்த முறை உட்கார்ந்து பேச வேண்டும். அவர் சொன்னது பொய் இல்லை, என் கேள்விக்குச் சரியான பதில்தான் என்று நானே அவரிடம் சொல்ல வேண்டும்.

செத்துப்போன புருஷனோடு ஒருத்தி பதினோரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் இருந்தேன். இன்று காலை பால்கனியில் துணி காயப்போடும்போது பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்று கேட்டு எழுதாதே. அது உன் புத்தகத்துக்கு இல்லை.

உன் அக்கா